ஆரஞ்சுப் பொத்தான்

ஊரோடு ஒத்துப்போகாமல் தங்களுக்கென்று தனியாக உடுத்தித் திரிந்த இளவட்டங்களைப் பற்றி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. அழைப்பிதழ் முதல் வாசல் பேனர் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சின்னம் வேண்டும். டிசைனர் எதை வரைந்து கொடுத்தாலும் இயக்குநர் அம்மா, “நல்லாத்தான் இருக்கு, உயிர்தான் இல்ல” என்று திருப்பி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் சட்டைக்கு இஸ்திரி போடும்போது டிசைனர் கண்ணில் பட்டது. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஆரஞ்சு. வேண்டுமென்றே கோணலாகத் தைத்தது. அவளும் அவள் சிநேகிதிகளும் அப்படித்தான் போடுவார்கள். ஏன் என்று கேட்டால், “அது எங்களுக்குள்ளப்பா” என்பாள். பள்ளியில் யாரோடும் ஒட்டாமல் அழுதுகொண்டு வந்த பெண், அந்தப் பொத்தான் ஏறிய பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தாள். அது தெரிந்தும், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றிவிட்டது பாவி மனுஷனுக்கு.

வெள்ளை வட்டங்களுக்கு நடுவே ஒரு கோணல் ஆரஞ்சு. இயக்குநர் அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

பேனர்கள் ஏறிய அன்று மகள் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

“நான்தான் உங்ககிட்ட காட்டிக்கொடுத்துட்டேனாம்ப்பா. யாரும் என்கூடப் பேசல.”

“நான் வந்து சொல்றேன்மா, உனக்குத் தெரியாதுன்னு.”

“வேணாம். அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டான்னு அதுக்கும் சிரிப்பாங்க.”

அது இன்னொருவருடையது, சின்னத்தை மாற்றிவிடுங்கள் என்று கெஞ்ச, அடித்துப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடினார்.

“விளையாடுறீங்களா சார்? ஊர் முழுக்க ஒட்டியாச்சு. ஒரு பட்டனுக்கு யாருங்க சொந்தக்காரங்க?” என்றார் இயக்குநர் அம்மா.

என் மகள் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் நாளைக்கே அவளைப் பேட்டி காண கேமராவோடு வந்து நிற்பார்கள். வாயை மூடிக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்துவிட்ட பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

திறப்பு விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பொத்தான் குத்தி அனுப்பினார்கள். அமைச்சர் தொப்பையிலும் ஒன்று கோணலாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் டிசைனருக்குக் கைகொடுத்தார்கள். அவருக்கு அழுகைதான் வந்தது.

வீட்டில் மகளின் சட்டை கொடியில் தொங்கியது. எல்லாப் பொத்தானும் வெள்ளை. ஆரஞ்சைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி எடுத்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார். எத்தனை முறை தைத்தும் அந்தக் கோணல் வரவில்லை.

மகள் பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

“விடுங்கப்பா. இனிமே அதைப் போட்டா, கண்காட்சிக்குப் போயிட்டு வந்திருக்கேன்னுதான் நினைப்பாங்க.”