இரண்டு இடது கைகள்

ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த ஊரில் பாதிப் பேருடைய இடது கை தானாக உயர்ந்தது. டீக்கடையில் கிளாஸ்கள் கவிழ்ந்தன. ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போனவர் தலையில் ஒரு பழைய பீரோவைக் கட்டிவிட்டார்கள். அதே நேரத்தில் சட்டைக் கம்பெனி வாசலில் கைக்காரி, "நான் எதுக்குத்தான் இருக்கேன்?" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

கைக்காரி என்றால் சட்டையின் இடது கை மட்டும் தைப்பவள். காலருக்கு ஒருத்தி, பட்டனுக்கு ஒருத்தி, வலது கைக்கு இன்னொருத்தி என்று பிரித்துத் தைக்கிற இடம் அது. கல்யாணமான வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், தலை நரைத்தும் ஒரு சட்டையை முழுசாகத் தைத்ததில்லை. வீட்டுக்காரர் லேசுப்பட்ட வாயாடி இல்லை. பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர், வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் அவள் தினமும் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் காலர்காரி. "அக்கா, தூக்கின கையெல்லாம் நீ தச்ச கைதான்க்கா." கைக்காரி நம்பாமல் மறுபடி கேட்டுப் பார்த்தாள். தெரு முழுக்கக் கைகள் எழுந்தன. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அடுத்த நிமிஷம் ஒரே ஒரு கைதான் நினைவுக்கு வந்தது. கம்பெனிச் சட்டை எதையும் அவர் போட்டதே இல்லை.

துணி வாங்கி வந்து வீட்டு மெஷினில் ஒரு முழுச் சட்டை தைத்தாள். காலர் கோணலாக வந்தது. அவருக்குப் போட்டுவிட்டபோது வலது பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"என்னடி இது, ரெண்டும் இடது கை?"

பல மாதம் கழித்து வந்த பேச்சு. "பழக்கதோஷம்," என்றாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டாள். நல்ல கையும் விழுந்த கையும் சேர்ந்தே உயர்ந்தன.

"போலீஸ் பிடிச்ச மாதிரி எவ்வளவு நேரம் இருக்கறது? வா," என்றார். அவள் நடுவில் போய்ச் சாய்ந்தாள். இரண்டு கைகளும் அவள் முதுகில் இறங்கின.

இப்போது தினமும் ஆறு மணிக்கு அவள் அவரிடம் அதையே கேட்கிறாள். அதனால் ஏலம் ஐந்தரைக்கே முடிந்துவிடுகிறது. டீக்கடையில் ஆறு மணிக்கு எல்லோரும் கிளாஸை வலது கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். என்றைக்காவது கை உயரத் தாமதமானால், "ரெண்டு பேருக்கும் இன்னைக்குச் சண்டை போல," என்று சொல்லிவிட்டு, உயர்ந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.