இரண்டு வண்டியிலும் ஒரே குரல்

பிரசாரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. வேனின் முன்சீட்டில் இருந்தவள் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, மைக்கைத் தாடையோடு சேர்த்துப் பிடித்து, "நமது சின்னம் சீப்பு" என்றாள். பத்து நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. சீப்பில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது.

"வழுக்கத்தலைக்காரங்க ஓட்டெல்லாம் போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன். அவனுக்கே வழுக்கைதான்.

"ஒரு ஓட்டு கொறஞ்சாலும் அது யாருதுன்னு எனக்குத் தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அந்த வட்டாரத்தில் அவளுக்கு மைக்கு என்றுதான் பேர். கடைத் திறப்பா, குழாயில் தண்ணீர் வராத அறிவிப்பா, காணாமல்போன நாயா, எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போய்விடுவாள். குரலை எல்லாருக்கும் தெரியும், முகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று தேர்தலாக வார்டு கவுன்சிலருக்கு நின்ற காண்டிராக்டருக்கும் அவள்தான் வாக்குக் கேட்டாள். மூன்று முறையும் அவர் அலுங்காமல் ஜெயித்தார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

அந்தக் கர்வத்தைக் கலைத்தது ஓர் இஸ்திரிக்காரம்மா. போன வருஷம் மருந்துக்கடை வரிசையில் நின்று மைக்கு தொண்டைக்கு மாத்திரை கேட்டாள். முன்னால் நின்றிருந்த அந்த அம்மா குரலைக் கேட்டதும் வெடுக்கென்று திரும்பினாள்.

"ஏம்மா, கால்வாய்க்கு மேல நடபாலம் வரும்னு சொன்னது நீதானே?"

"நான் இல்லக்கா, காண்டிராக்டர்."

"அவர் குரல நான் கேட்டதே இல்லயே. நீதான் சொன்ன. மூணு தடவ சொன்ன."

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இந்தப் பக்கத்து மொட்டைமாடியில் ஏறி நின்றால் ஆஸ்பத்திரி ஜன்னலில் காயும் துண்டுகூடத் தெரியும். போய்ச்சேர வேண்டுமானால் மெயின்ரோட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இஸ்திரிக்காரம்மா நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள், முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவள் சண்டை போட்டிருந்தால் மைக்கும் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள். அவளோ கேட்டதோடு சரி, மாத்திரையை வாங்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து போய்விட்டாள். அன்றைக்கு மைக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதிக் கொடுத்தது யாராக இருந்தால் என்ன, இந்த ஜனங்கள் நம்பியது என் வாயை அல்லவா என்று நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது. தேர்தல் அறிவித்ததும் தானே மனுப் போட்டாள். பாலம் ஒன்றைத் தவிர வேறு எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

காண்டிராக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆள் விவரமானவர். போன தேர்தலில் அவள் பேசிப் பதிவுசெய்து கொடுத்ததைத் தேடியெடுத்து, தன் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் ஓடவிட்டார். ஆக, வார்டில் இரண்டு வண்டி சுற்றியது, இரண்டிலும் ஒரே குரல். அவர் வண்டிக் குரல் மணிமணியாக இருந்தது. இவள் வண்டிக் குரல் நாளுக்கு நாள் கரகரத்தது. அசல் எங்கே போகிறது, நகல் எங்கே போகிறது என்று டீக்கடையில் கிண்டலடித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் தன்னைத் தோற்கடிக்கத் தன் தொண்டையே போதும் போலிருக்கிறதே என்று கணவனிடம் புலம்பினாள்.

கடைசித் தெருவாக வைத்திருந்தது இஸ்திரிக்காரம்மாவின் தெரு. வேன் பாதி தூரம் போவதற்குள் எதிர்முனையிலிருந்து காண்டிராக்டரின் வண்டி நுழைந்தது. குறுகல் தெரு, யாராவது ஒருவர் பின்வாங்கினால்தான் உண்டு. இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுகொண்டார்கள். எதிர்வண்டியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "இரவு பகல் பாராமல் உழைக்கும் உங்கள் அன்புச் சகோதரருக்கு..." அந்த இடத்தில் ஒரு மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டு, தொடையில் ஒரு தட்டுத் தட்டி, அவர் சின்னத்தைச் சொல்ல வேண்டும். மூன்று தேர்தலாக அவள் அப்படித்தான் செய்திருந்தாள்.

அவள் கை தொடையில் தட்டியது. வாய் தானாகத் திறந்தது.

"மேசைவிளக்கு! மறவாதீர்கள், மேசைவிளக்கு!"

மணிக்குரலும் கரகரப்பும் இம்மி பிசகாமல் சேர்ந்து ஒலித்தன. கணவன் நின்ற வண்டிக்குப் பிரேக் போட்டான். ஒரு நொடி தெருவே வாயைப் பிளந்து நின்றது. அப்புறம் மாடிகளிலிருந்தும் படிகளிலிருந்தும் சிரிப்பு கொட்டியது. எதிர்வண்டி டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி.

"விடு, ரிவர்ஸ் எடுக்கிறேன். வேற தெருவுக்குப் போயிடலாம்" என்றான் கணவன்.

"இத வச்சுக்குங்க" என்று மைக்கை அவன் மடியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள்.

இஸ்திரிக்காரம்மா தெருவோரத்துத் தேய்ப்பு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு வண்டியிலயும் நீ, உன் வண்டியிலயும் நீ. இப்ப உன் வாயாலயே அவருக்கும் ஓட்டு கேட்டுட்ட. எங்கள எதத்தான் நம்பச் சொல்ற?"

ஒலிபெருக்கி இல்லாமல் மைக்கு பேசியது நாலு அடிக்கு மேல் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னதான் சொல்கிறாள் பார்க்கலாம் என்று படியிறங்கிக் கிட்டே வந்தார்கள்.

"பாலம் வரும்னு மூணு தடவ சொன்னது நான்தான்க்கா. அன்னிக்கு நான் இல்லன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. வேனுக்குள்ள உக்காந்து சொன்னேன், வரலன்னதும் யாரும் என்னத் தேடல. இப்ப எறங்கி நின்னு சொல்றேன். பாலம் வரலன்னா இந்த மூஞ்சியத் தேடி வாங்க. மருந்துக்கடைக்குப் பின்னாடி ரெண்டாவது வீடு. கதவத் தட்டுங்க, நானே தெறப்பேன்."

இஸ்திரிக்காரம்மா மேசையைச் சுற்றி முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கி அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள். அதற்குள் மணி ஐந்து அடித்தது. எதிர்வண்டிக் குரல் வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனது.

தெரு அமைதியானதும் மைக்குக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. உள்ளுக்குள் பெருமிதம்தான் பொங்கியது. நல்ல குரல் இருந்தபோதெல்லாம் அடுத்தவருக்குக் கேட்டாள். குரல் செத்துப்போன அன்றைக்குத்தான் முகம் காட்டித் தனக்குக் கேட்டாள், அதுவும் ஊர் சிரிக்கச் சிரிக்க. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தைகூட யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் இதை யாரும் தன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மேல் வாக்குக் கேட்கக் கூடாது. நடக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கணவனை வேனைப் பின்னால் எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, வெயில் முகத்தில் பட, ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று, ஒன்றும் பேசாமல் நகர்ந்தாள். உள்ளேயிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

தெருமுனைக்கு வந்துவிட்டாள். பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இஸ்திரிக்காரம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சக் கதவு வீட்ட விட்டுட்டு வந்துட்டியே. அங்க ஆறு பேர் இருக்காங்க" என்று இன்னொரு கையை நீட்டினாள்.

மைக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாகத் திரும்பி நடந்தார்கள்.