கதவோரத்து ஒற்றைச் சுவிட்ச்

தினமும் மேசைக்கடியில் தவழ்ந்து ஐந்து சுவிட்சுகளைத் தட்ட என் இடுப்புக்கு ஆகவில்லை. கம்ப்யூட்டர், திரை, மோடம், பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கதவோரத்தில் ஒரே சுவிட்ச் வைத்துக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன் பைலி. யு.பி.எஸ்.ஸைத் தாண்டி வைத்தது. தட்டினால் பேட்டரியும் கைகொடுக்காது, அந்த நொடியே எல்லாம் அணையும்.

அன்றிலிருந்துதான் சனியன் பிடித்தது. சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசி அனுப்புவதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். திரை பொசுக்கென்று கறுத்துவிடும். திரும்பிப் பார்த்தால் கதவுச்சீலை மட்டும் ஆடும். இந்தத் துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், மட்டும் நான்கு முறை. "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

வேறு யார், செலின்தான். என் கணவரின் தங்கை. அண்ணி என்பதை எங்கள் ஊர் வழக்கப்படி 'சேட்டத்தி' என்றுதான் கூப்பிடுவாள். புருஷனோடு கோபித்துக்கொண்டு இரிஞ்ஞாலக்குடாவில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்பு இந்த அறை அவளுடையது. என் வேலை போனால் அறை காலியாகும் அல்லவா? மீன்கறி ஊற்றும்போது அவள் சிரிப்பதில்கூட எனக்கு உள்குத்து தெரிந்தது. வாய்விட்டுக் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன்.

இன்று ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். நாலரைக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். செலின் ஓடி வந்தாள். கை நேராகச் சுவிட்சுக்குப் போனது. எட்டிப் பிடித்தேன்.

"மாட்டினியாடி! என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தானே வந்தே?"

"ஐயோ சேட்டத்தி, இடி இடிக்குது! டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கெல்லாம் பிடுங்கிட்டுத்தான் இங்க வரேன். முன்னாடி மேசைக்கடியில யாரு தவழறது? இப்ப ஒரு தட்டுதானே. கூப்பிட்டா நீங்க காதுல அதை மாட்டிக்கிட்டு..."

"யாருகிட்ட கதை விடறே?"

வீட்டு ஓடே பெயர்ந்ததுபோல ஓர் இடி. திரை கறுத்தது. சுவிட்சின் மேல் இருந்தது என் விரல். இடி கேட்டால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியே வளர்ந்த கை.

சேமிக்காத கடைசிப் பக்கம் போயிற்று. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. செலின் சிரிக்கவில்லை. மணி பார்த்தாள். வெளியே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நெற்றியில் சிலுவை வரைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

"டைப் அடிங்க சேட்டத்தி. நான் இங்கயே நிக்கறேன், யாரையும் தொட விடமாட்டேன். உங்களையுந்தான்."