ஓடாத பிராணி

கணினி விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். இப்போது இல்லாத கிரகத்து இல்லாத பிராணிகளுக்கு எலும்பும் குடலும் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வீட்டில் கணவர் கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்து, உடம்பு துடைத்துவிட்டு, சமைத்து மூடிவைத்து, பஸ் பிடித்து வருவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

இந்த முறை வேண்டியது ஒரு சண்டைக்காரப் பிராணி. அதற்கு வாயே கூடாது, செடிபோலத் தோலாலேயே வெயிலைச் சாப்பிட வேண்டும், சிறுத்தைபோல ஓடவும் வேண்டும் என்றார் இயக்குநர். இரண்டும் சேராது என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டாள். தோலில் விழும் வெயில் மூச்சு விடவே காணாது. ஓடுவதற்கு எங்கே போவது? வெயிலை அதிகம் வாங்கட்டும் என்று முதுகில் அகலமான மடல்கள் வைத்தாள். குடைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது என்று இயக்குநர் திருப்பி அனுப்பினார்.

"யாரு டீச்சர் இதையெல்லாம் கணக்குப் பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாக்கறேனே," என்றாள்.

மதியம் சாப்பிட்ட கையோடு மேஜையில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஒரு கை வெளியே தொங்கியது. முதுகில் ஜன்னல் வெயில். எதிர் மேஜை ஓவியர் சாதாரணமாக ஊர்வம்பு பேசாமல் இருக்கமாட்டார். அன்று வாயைத் திறக்காமல் வரைய ஆரம்பித்தார்.

அவள் விழித்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். பாறைமேல் ஒரு பிராணி கவிழ்ந்து கிடந்தது. மடல்கள் வெயிலுக்கு விரிந்திருந்தன. ஒரு முன்னங்கால் பாறை விளிம்பில் நழுவித் தொங்கியது. யாருடைய கிடப்பு அது என்று அவளுக்கு உடனே புரிந்தது. முகம் சுட்டது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க சொன்னதைத்தான் வரைஞ்சேன். தெம்பில்லாதது எப்படி ஓடும்?"

கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நாற்காலியை இழுத்துப்போட்டு மீதியைச் சொன்னாள். அது நாள்கணக்கில் கிடந்து சக்தி சேர்க்கும். யாராவது மிதித்தால் சேர்த்ததையெல்லாம் ஒரே பாய்ச்சலில் கொட்டிவிடும். பிறகு பழையபடி அசையாது.

இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பாவமா இருக்கு. பயமாவும் இருக்கு," என்றார். ஓட்டத்தைப் பற்றி அப்புறம் அவர் பேச்செடுக்கவில்லை.

அந்தச் சூட்டோடு அவள் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாள். கிடைத்தது. கணவரின் தங்கை, தான் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வதாகப் பல தடவை சொல்லியிருந்தாள். இவள்தான் சமாளித்துக்கொள்கிறேன் என்று தட்டிக்கழித்துவந்தாள். அன்று பஸ்ஸில் நின்றபடியே நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நீ கொஞ்சம் வர முடியுமாம்மா? என்னால முடியல."

சொல்லி முடித்ததும், பரண்மேலிருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லி மறுமுனையில் நாத்தனார் யாருக்கோ குரல் கொடுப்பது கேட்டது.