வள்ளல் வைத்த அடகு

எங்கள் குடியிருப்பில் என் மாமனாருக்கு வள்ளல் என்று பெயர். தன் கையிலிருந்து அவர் ஒரு குண்டூசிகூட யாருக்கும் கொடுத்ததில்லை. தூக்கிக் கொடுத்ததெல்லாம் என்னுடையது. நான் கார்பென்டர். சுத்தியல், உளி, ரம்பம், ரசமட்டம், டிரில் மெஷின் எல்லாம் நான் சம்பாதித்து ஒவ்வொன்றாக வாங்கியவை. வாசலில் எவனாவது வந்து தலையைச் சொறிந்தால் போதும், "நம்ம வீட்டுல இல்லாததா? எடுத்துட்டுப் போப்பா" என்பார். திரும்பி வரும்போது உளி மழுங்கியிருக்கும். ரசமட்டத்தில் குமிழி இருக்காது. சில சாமான்கள் திரும்பியே வராது.

அதைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது வேறு. அவற்றையெல்லாம் தன்னுடையவை என்றே சொல்லிக்கொள்வார். மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஃபர்னிச்சர் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை" என்பார். தலை நிறைய மரத்தூளோடு நான் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். கம்ப்யூட்டரிலிருந்து மரத்தூள் எப்படிக் கொட்டும் என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வந்தால் அடுத்த தடவை டிரில் கிடைக்காதே.

என் கணவர் பஸ் கண்டக்டர். ஊரையே அதட்டி உள்ளே தள்ளுகிற மனிதர், அப்பாவிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன். என் பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் அந்த இடத்தில் அடகாக ஒரு பொருள் வைக்க வேண்டும். முதலில் ஒற்றைச் செருப்பு என்றேன். கிழிந்த செருப்பாகப் பார்த்து வைத்துவிட்டுப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டார்கள். எனவே, எது இல்லாமல் பொழுது போகாதோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று மாற்றினேன். கீழ்வீட்டு டீச்சர் மூக்குக்கண்ணாடியை வைத்தார். கொஞ்ச நேரத்திலேயே சுவரைத் தடவியபடி ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர் டிவி ரிமோட்டை வைத்தார். மேட்ச் ஆரம்பிப்பதற்குள் சுத்தியல் வந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் தன் டோப்பாவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு வேகமாக ஆணி அடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. மாமனாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். அடகை வாங்கிப் பெட்டியில் வைக்கிற உத்தியோகத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முக்கியமான நாள். பழைய முதலாளியின் பட்டறையிலிருந்து விலகி நான் தனியாகப் பிடித்த முதல் வேலை அது. ஒரு பேக்கரி அக்கா புதுக் கடை திறக்கிறார். மறுநாள் காலையில் திறப்பு. சாயங்காலத்துக்குள் அலமாரிகளைச் சுவரில் ஏற்றிவிட்டால் அவருடைய மற்றக் கடைகளும் எனக்கு. இல்லாவிட்டால் எல்லாமே பழைய முதலாளிக்கு. இதே வேலைக்கு விலை சொல்லி, கிடைக்காமல் போனதிலிருந்து மனிதர் கடுகடுவென்று இருந்தார்.

குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். டிரில் இல்லை. அந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீருக்குள் மாமனாரின் பல்செட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

"காலையிலேர்ந்து வாயே திறக்கலை. திருந்திட்டாருன்னு நெனச்சேன்" என்றார் மாமியார்.

"மாமா, டிரில் எங்க?"

பேப்பரைப் பிடுங்கினேன்.

"ஒரு பெரிய மனுஷன் கேட்டாரும்மா" என்றார். பல் இல்லாமல் அவர் சொன்னதை அப்படியே எழுதினால் படிக்க முடியாது. நான் நேராக்கி எழுதுகிறேன். "கார்ல வந்தாரு. 'வள்ளல் ஐயா, உங்க பேரைக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்'னாரு. அவ்வளவு பெரிய மனுஷன்கிட்டப் போயி எதையாவது கழட்டி வைங்கன்னு எப்படிச் சொல்றது? ஆனா சட்டம்னா சட்டம்தானே. அதான் நானே வச்சேன்."

சிரிப்பதா, டம்ளரைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. "எந்தப் பெரிய மனுஷன்?"

"ரயில்வே கேட் பக்கத்துல பட்டறை வச்சிருக்காரே."

என் பழைய முதலாளி! எட்டு வருஷம் அவரிடம் வேலை செய்தேன். எங்கே வேலை செய்கிறாய் என்று மாமனார் ஒரு நாளாவது கேட்டிருந்தால் அந்த முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் கம்ப்யூட்டர் கதை கெட்டுவிடுமே.

"அவருகிட்டதான் மாமா நான் இத்தனை வருஷமா இழைப்புளி தள்ளினேன். இன்னிக்கு என்னை வேலை செய்யவிடாம பண்ணத்தான் வாங்கிட்டுப் போயிருக்காரு. நான் அலமாரி மாட்டலைன்னா அந்த வேலை பூரா அவருக்குத்தான். போய் வாங்கிட்டு வாங்க."

அவர் முகம் சுருங்கியது. "குடுத்ததை எப்படிம்மா திருப்பிக் கேக்கறது? அசிங்கம்மா. முதல்ல பல்லைக் குடு."

"டிரில் வந்தா பல்லு வரும். சட்டம்னா சட்டம்தானே?"

குரூரம்தான். எனக்குப் பிடித்திருந்தது.

ஹார்ட்வேர் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டினேன். இத்தனை வீட்டில் ஒரு வீட்டிலும் டிரில் கிடையாது. எதற்கு வாங்க வேண்டும்? அதுதான் வள்ளல் வீட்டில் இருக்கிறதே. கான்கிரீட் சுவரில் நகத்தாலா துளை போடுவது? மத்தியானமும் ஆகிவிட்டது. கையில் டம்ளர், தோளில் பெட்டி என்று நான் படியிறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வந்துகொண்டிருந்தார்.

பட்டறையில் சீட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. முதலாளி, இரண்டு தச்சர்கள், எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நாலைந்து பேர், டோப்பா ஏஜெண்ட் உட்பட. சுவரில் வரிசையாக மூன்று டிரில்கள் தொங்கின. என்னுடையது மூலையில் ஒரு சாக்குக்கு அடியில் வாலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அடடே, வள்ளல் ஐயா! வாங்க, வாங்க" என்று எழுந்தார் முதலாளி. என்னைப் பார்த்ததும் புன்னகை இன்னும் அகன்றது. "என்னம்மா, இன்னிக்கு உனக்கு ஏதோ வேலை இருக்குன்னு கேள்விப்பட்டேன்?"

நான் சாக்கை நோக்கிப் போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார். "அதைத் தொடாதே. ஐயாகிட்ட வாங்கினது. ஐயா கேட்டா குடுக்கறேன். நாளைக்கு நானே கொண்டுவந்து தர்றேன்னு சொல்லித்தான் வாங்கினேன். என்னங்க ஐயா?"

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த மரச்சீவலைக் காலால் ஒதுக்கினார். போச்சு, பல்லில்லாமலே இளித்துவிட்டு, 'வச்சிருங்க, அவசரமில்லை' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவருக்கு மூன்று வேளையும் வடித்துக் கொட்டியது போதும், இனி ஒரு வாய்க் காப்பிகூட என் கையால் கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அவர் கைக்குட்டையை எடுத்தார். பொக்கை வாயைப் பார்த்து ஏஜெண்ட் களுக்கென்று சிரித்தார்.

"அது என்னோடது இல்லை" என்றார் மாமனார்.

"என்னது?"

"மெஷின் என்னோடது இல்லை. சுத்தியலும் இல்லை, உளியும் இல்லை. ஒண்ணுமே என்னோடது இல்லை. எல்லாம் என் மருமகளோடது. அவ கார்பென்டர். நான்தான் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." மூச்சு வாங்கியது. "குடுக்க எனக்கு உரிமை இல்லை. திருப்பிக் குடுங்க."

சீட்டாடியவர்களில் ஒருவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துக் கீழே வைத்தார். மாமனாரின் காது சிவந்திருந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது சந்தோஷத்தோடு அவர்மேல் பரிதாபமும் வந்து தொலைத்தது.

இத்தனை பேர் முன்னால் முதலாளி வழிவிட்டு ஒதுங்கினார். சாக்கை விலக்கி டிரில்லை எடுத்தேன். டம்ளரை மாமனாரிடம் நீட்டினேன். அவர் திரும்பி நின்று பல்லை மாட்டிக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அலமாரிகள் ஏறிவிட்டன. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது. அதைவிட எனக்கு முக்கியமானது பேக்கரிக்குப் போகிற வழியில் நடந்தது.

பெட்டியை அவர் என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடந்தோம். சைக்கிள் கடை அருகே, கையெல்லாம் கிரீஸோடு கடைக்காரர் ஓடி வந்தார்.

"வள்ளல் ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு ஸ்பேனர் குடுங்களேன், அஞ்சே நிமிஷம்."

மாமனார் நின்றார். பெட்டியை இறக்கினார். பழக்கதோஷம், கை மூடிவரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"அவளைக் கேளு" என்றார்.

கடைக்காரர் புரியாமல் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து பெட்டியின் கொக்கியை மாட்டினேன். நடுத்தெருவில் அழுதால் நன்றாகவா இருக்கும்?

"முடியாதுண்ணே" என்றேன். "எனக்கு இன்னிக்கு வேலை இருக்கு."