வேனுக்கு ஒரு அப்காஸ்ட்

எங்கள் ஊரில் ஓட்டையைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. துணியோ காகிதமோ, கிடைத்ததைச் சுருட்டி அடைத்துவிடுவோம். ஆடிக் காற்றில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சைனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பினால் சோற்றில் விழும், கண்ணில் விழும், காயப்போட்ட துணியில் விழும். அதனால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் ஜன்னல் இடுக்கு, தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடம் எல்லாவற்றிலும் பழைய புடவை திணித்திருக்கும். மார்கழிக் குளிருக்கும் அதே புடவைதான்.

ஆகவே ஸ்வப்னா மேடத்தின் வேனை நானும் அண்ணனும் அடைத்த விதத்தில் எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

அண்ணன் சைலஸ் பெங்களூரில் பஸ் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறான். விடியும் முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவன் முகத்தை நாங்கள் வெயிலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஸ்வப்னா மேடம் பாங்க் அதிகாரி. கம்பெனிக்கு ஏதோ வேலையாக வந்தவர், தன்னுடைய பழைய வேனைச் சமைத்துப் படுத்துக்கொள்கிற வண்டியாக மாற்ற ஆள் தேடுவதாகச் சொன்னார். ஜனவரியில் அந்த வண்டியில் இமாச்சலுக்குப் போகிறாராம். அங்கே ராத்திரியில் வாளித் தண்ணீர் கட்டியாகிவிடுமாம். அண்ணன் அங்கேயே "நான் செஞ்சித் தரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். வேலை பிடித்துப்போனால் மேடத்தின் சிநேகிதிகள் இரண்டு பேர் தங்கள் வண்டிகளையும் எங்களிடம் விடுவார்கள். அண்ணன் இந்த ஊரிலேயே சொந்தமாகத் தொழில் செய்யலாம். பிடிக்கவில்லை என்றால் லீவு முடிந்த திங்கட்கிழமை மறுபடி ரயில்.

வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி வேலை செய்தோம். அண்ணன் தகரத்தின்மேல் ஃபோம் ஷீட் ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்து ஸ்க்ரூ முடுக்கினான். தையல் முழுவதும் என்னுடையது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளிக் காகிதம் வைத்த மெத்தை, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனத்த திரை, மெத்தைக்கு அடியில் கம்பளி விரிப்பு.

கூரையில் ஒரு சதுர மூடி இருந்தது. திறந்தால் வானம் தெரியும்.

"இது எதுக்குணா?" என்று கேட்டேன்.

"காத்துக்காம். அதெல்லாம் வெயில் காலத்துக்கு. குளிருல யாரு தலைக்கு மேல ஓட்டையை வெச்சிக்கினு படுப்பாங்க? அடைச்சிடு."

நான் அதற்குள் கம்பளியைத் திணித்து, மேலே ரெக்ஸின் உறை தைத்து மூடினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில், தரையோரம் கை நுழைகிற அளவு ஒரு துவாரம் இருந்தது. அதை அண்ணன் ஃபோம் வைத்து அடைத்தான். கடைசியில் ஊதுவத்தி கொளுத்தி மூலை மூலையாகக் காட்டினான். புகை ஆடாமல் அசையாமல் குச்சி மாதிரி நின்றது.

"பாத்தியா? எறும்புகூட கேட்டுக்கினுதான் உள்ள வரணும்" என்றான்.

அண்ணனின் லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை சாயங்காலம் மேடம் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், அன்று ராத்திரி அதிலேயே படுப்பதாகச் சொன்னார். எங்கள் ஊர்க் குளிரைத் தாங்காத வண்டி இமாச்சலுக்கு எதற்கு என்று அவர் கேட்டது நியாயம்தான். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக் கதவு திறந்தது. மேடத்தின் முன்மயிர் நெற்றியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சைலஸ், ராத்திரி மளே வந்துதா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்.

"மழையா? இல்லியே மேடம்."

"அப்போ எனக்கு மட்டும் உள்ளே வந்திருக்கு."

அண்ணன் ஏறிப் பார்த்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். பிளைவுட்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு சொட்டு தொங்கியது. ஜன்னல் மெத்தைகள் தண்ணீரில் கனத்து ஒரு பக்கம் சரிந்திருந்தன. போர்வையின் ஓரம் பிழியலாம் போல இருந்தது.

"குளிரை நான் தாங்கிப்பேன்" என்றார் மேடம். "ஈரத்தோட குளிர் ஆகல்ல. அங்கே மைனஸ் பத்து. இதெல்லாம் ஐஸ் ஆயிடும். நான் ஐஸ் பெட்டியில படுக்கணுமா?"

"எங்கியோ லீக்கு கீது மேடம். பனி எறங்கிக்கிது. சிலிக்கான் இன்னொரு கோட்டு போட்டா..."

"வேணாம் சைலஸ். நான் பெங்களூர்லயே யார்கிட்டயாவது காட்டிக்கறேன்."

அண்ணன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை ரயில் அவன் கண்ணில் தெரிந்தது. எங்கள் அம்மா ஐடா மட்டும் அசரவில்லை. "ஒரு வாய் டீ குடிச்சிட்டு போங்கம்மா. டீ மேல இன்னா கோவம்?" என்று மேடத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

அந்த நேரத்தில் நான் தனியாக வண்டிக்குள் ஏறினேன். கூரை மூடியின் உறையைப் பிரித்துக் கம்பளியை வெளியே இழுத்தேன். வானத்தைப் பார்த்த பக்கம் உலர்ந்திருந்தது. உள்ளே பார்த்த பக்கம்தான் நனைந்திருந்தது. மேலிருந்து பனி இறங்கியிருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்கும்? பின்கதவுப் பக்கம் போனேன். அங்கே ஒரு ஜன்னலில் ரப்பர் பட்டை ஒரு விரல்கடை குறைந்துபோய் விழுந்த இடுக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்த ஜன்னல் மட்டும் பளிச்சென்று காய்ந்திருந்தது. நான் சரியாகச் செய்யாத ஒரே இடம்.

அதன் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். மங்கியது. விரலால் தொட்டேன். ஈரம்.

நிமிர்ந்தபோது அந்த ஜன்னல் வழியாகவே எங்கள் சமையலறைக் கூரை தெரிந்தது. அம்மா டீக்கு அடுப்பு மூட்டும்போது வழக்கம்போலக் கூரையின் தகர மூடியைக் கழியால் தூக்கி வைத்திருந்தாள். ஆவி அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. அந்த மூடிக்கு எங்கள் வீட்டில் அப்காஸ்ட் என்று பெயர். சுரங்கம் ஓடிய காலத்துப் பேச்சு. ஒரு ஷாஃப்ட் வழியாக நல்ல காற்று கீழே இறங்கும், அது டவுன்காஸ்ட். கெட்ட காற்று இன்னொரு ஷாஃப்ட் வழியாக மேலே ஏறும், அது அப்காஸ்ட். எவ்வளவு தூள் அடித்தாலும் கூரை மூடியையும் பின்கதவின் அடி இடுக்கையும் அம்மா யாரையும் அடைக்க விடமாட்டாள்.

நான் இறங்கி நேராக வாசலுக்குப் போனேன்.

"அது மழையும் இல்ல, லீக்கும் இல்லணா. மேடத்தோட மூச்சு."

மேடத்தின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாரு இந்த ஹுடுகி?"

"தங்கச்சி மேடம். நிக்கோல். தைச்சதெல்லாம் இவதான்."

"பேசுமா?"

"இன்னிக்குதான் மேடம்" என்றான் அண்ணன்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் தொடங்கியதை விடவில்லை. "ராத்திரி முழுக்க நீங்க விட்ட மூச்சு, தண்ணி கொதிக்கவெச்ச ஆவி, எதுக்கும் வெளிய போக வழி இல்ல. எங்க ஜில்லுன்னு கீதோ அங்க போய் தண்ணியாயிடுச்சி. ஸ்க்ரூவுல, கண்ணாடியில. அப்காஸ்ட்டை நான் அடைச்சிட்டேன், டவுன்காஸ்ட்டை அண்ணன் அடைச்சிடுச்சி."

"அடைக்கச் சொன்னது நான்தான்" என்றான் அண்ணன் உடனே.

"ரெண்டையும் அடைச்சிட்டு அந்தம்மாவை உள்ள படுக்க வெச்சீங்களா?" அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "உயிரோட எழுந்து வந்ததே பெருசு. உங்களையெல்லாம் மைன்ஸ்ல விட்டிருந்தா முதல் ஷிஃப்ட்டுலயே ஊரையே காலி பண்ணியிருப்பீங்க."

மேடம் என்னைத்தான் பார்த்தார். "ஓட்டையைத் திறந்தா குளிர் வராதா?"

"கொஞ்சம் வரும். காஞ்ச குளிருதான். காஞ்ச கம்பளி அதைத் தாங்கும். நனைஞ்ச கம்பளி எதையும் தாங்காது."

அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். "நாளைக்கு எனக்கு லீவு இருக்கு. இன்னொரு ராத்திரி படுக்கறேன். ஈரம் வந்தா காலையில நேரா பெங்களூர்."

அன்றைக்கு அம்மா மட்டும் சர்ச்சுக்குப் போனாள். நாங்கள் மெத்தை, போர்வை எல்லாவற்றையும் வெயிலில் போட்டோம். கூரை மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி, கீழே விழாதபடி மரக்கட்டை வைத்தோம். படியோரத் துவாரத்தைத் திறந்து கம்பி வலை அடித்தோம். உள்ளே வருகிற காற்று படுக்கையில் நேரே மோதாமல் திரும்பிப் போக, துவாரத்துக்கு முன்னால் ஒரு சாக்குத் திரை தொங்கவிட்டேன். ஸ்க்ரூ தலைகளுக்குக் கம்பளியில் வட்டம் வட்டமாகப் பொட்டு வெட்டி ஒட்டினேன், எண்பத்து நான்கு பொட்டு. சமைக்கும்போது மட்டும் மூடியை முழுவதும் திறக்க வேண்டும் என்று மேடத்திடம் இரண்டு தடவை சொன்னேன். அண்ணன் மறுபடி ஊதுவத்தி காட்டினான். இந்த முறை புகை சாய்ந்து, மெல்ல ஏறி, மூடி வழியாக வெளியே போனது.

திங்கட்கிழமை அண்ணன் இருட்டிலேயே எழுந்து குளித்துவிட்டான். கம்பெனிச் சட்டை, தோளில் பை, பையில் டிபன். வண்டிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

"எழுப்பிக் கேளேன்டா" என்றாள் அம்மா.

"தூங்கறவங்களை எழுப்பி, ஈரமா கீதான்னு கேக்கறதா?"

"அப்போ கெளம்பு. ரயிலு போயிடும்."

அவன் கிளம்பவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவியது. அவன் அந்தத் திசையைப் பார்த்தான், வண்டிக் கதவைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றான். ரயிலின் சத்தம் தேய்ந்து அடங்கியது.

வெயில் வண்டியின் கூரைக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது. மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"கால் ஜில்லுன்னு இருந்தது" என்றார்.

அண்ணனின் தோள் இறங்கிவிட்டது.

"மத்தது நீயே பாரு."

அவன் உள்ளே ஏறி ஸ்க்ரூ வரிசையின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ளங்கையால் தடவினான். ஜன்னல் மெத்தைகளைப் பிழிந்து பார்த்தான். இறங்கி வந்து கையை என் முன்னால் விரித்தான். காய்ந்த கை.

"காலுக்கு முட்டி வரைக்கும் ஒரு உறை தைச்சுக் குடு நிக்கோல். அப்புறம் கீழே அந்தத் துவாரத்தை நான் உள்ளே இருந்தே மூடற மாதிரி ஏதாவது பண்ணு" என்றார் மேடம்.

"பாதி மூடலாம்" என்றேன். "முழுசா மூட முடியாத மாதிரிதான் தைப்பேன்."

மேடம் சிரித்துக்கொண்டே போனை எடுத்துச் சிநேகிதியிடம் கன்னடத்தில் பேசினார். புதன்கிழமை வண்டியைக் கொண்டு வா, இங்கே ஒரு பெண் இருக்கிறாள், அவள் சொல்கிறபடி கேள், சண்டை போடாதே என்றார். எனக்குக் கன்னடம் புரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அண்ணனும் போனை எடுத்தான். கம்பெனி சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்டது, எங்கே இருக்கிறாய் என்று.

"ஊர்லதான் சார்" என்றான் அண்ணன், தோளிலிருந்து பையை இறக்கியபடி. "இல்ல சார், ரயிலு லேட்டு இல்ல. ரயிலு கரெக்டாத்தான் போச்சி. நான்தான் ஏறல."