சாயப்பட்டறைச் சாம்பல்

"கீரை பெரிம்மாவுக்கு ரத்தம் குடுக்குதுன்னா, கீரைக்கு யாரு பெரிப்பா ரத்தம் குடுப்பாங்க?"

கேட்டவள் ஆறு வயதுப் பரிமளா. ஆரணி கொசப்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் கந்தசாமியின் வீட்டு வாசற்படியில், கையில் ஒரு கட்டுச் சிறுகீரையோடு நின்றுகொண்டு கேட்டாள். அவர் "சாமி குடுப்பாரு" என்று சொல்லிவைத்தார். "நான் தெனமும் தோட்டத்துலதான் கீறேன், சாமி வந்து பாத்ததே இல்லியே" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

அது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பேச்சு. கந்தசாமியின் மனைவி கன்னியம்மாளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பில் ரத்தமே இல்லை, இரும்புச் சத்து ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். தெருவில் கீரை விற்கும் சூர்யகலா அதைக் கேள்விப்பட்டாள். நாற்பது நாள், ஒருநாள்கூடத் தவறாமல், மகள் கையில் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பினாள். காசை நீட்டினால் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். "வாங்கினா அம்மா ஒதைப்பாங்க." நாற்பத்தோராம் நாள் கன்னியம்மாள் தானே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கந்தசாமிக்கு அந்த நன்றி நெஞ்சில் பாரமாக உட்கார்ந்துகொண்டது. குழந்தையின் கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. கீரைக்கு யாரும் கொடுக்காவிட்டால் நாம் கொடுப்போம் என்று முடிவு செய்தார். பட்டறையில் சாயக் கொப்பரைக்கு அடியில் நாள் முழுக்கச் சவுக்கு விறகு எரிகிறது. சாம்பல் நல்ல உரம் என்று ஊரே சொல்கிறது. அதிலும் அவர், படவேட்டம்மன் திருநீறு பூசாமல் பட்டறைக் கதவைத் திறக்காத மனிதர். சாம்பலால் ஒரு கெடுதல் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வாரம் இரண்டு மூட்டை சலித்து, மிச்சப் பட்டு நூலால் வாயைக் கட்டி, ஆற்றங்கரையில் சூர்யகலா குத்தகைக்குப் பயிரிடும் முப்பது சென்ட் நிலத்துக்கு ஆள் மூலம் அனுப்பிவந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் வரவில்லை. இரண்டு மூட்டையையும் டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கந்தசாமியே போனார்.

தோட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். பாத்தி பாத்தியாகக் கீரை நின்றது, பச்சைதான் இல்லை. அடி இலையில் கொஞ்சம் நிறம் இருந்தது. மேலே போகப் போக வெளிறி, குருத்தெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக ஓடின. முப்பத்தைந்து வருடம் நிறத்தோடு பழகிய கண்ணுக்கு அது சாயம் பிடிக்காமல் போன நூலைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வரப்பில் நிலத்துக்காரர் ஜெகநாதன் பேசிக்கொண்டிருந்தார். "காமால வந்த கீரைய யாரும்மா வாங்குவா? மூணு அறுப்பு போச்சு. இதுவும் போச்சுன்னா ஆவணில பவர்லூம் ஷெட்டு போடறவருக்கு நெலத்த உட்டுடறேன். என்னைத் தப்பா நெனைக்காத. எவ்ளோ நாளுதான் நானும் பாத்துகினு இருக்கறது?"

சூர்யகலா தலையை ஆட்டினாள். புருஷன் போன பிறகு அவளுக்கும் பரிமளாவுக்கும் அந்த முப்பது சென்ட்தான் சோறு. ஜெகநாதன் கந்தசாமியைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூட்டைகளை இறக்கிவைக்கலாம் என்று கந்தசாமி மோட்டார் கொட்டகைக்குப் பின்பக்கம் போனார். அங்கே தென்னங்கீற்றால் மூடிய ஒரு குவியல். கீற்றை நகர்த்தினார். எல்லாம் அவருடைய மூட்டைகள். வாடாமல்லி நிற நூல் முடிச்சு ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை.

"இன்னாமா இது?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "வேணான்னா வேணான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சலிச்சு, கட்டி, ஆள் போட்டு அனுப்பிகினு கீறேன். நீ மூலைல போட்டு மூடி வச்சிகினு கீற."

"அப்படி இல்லண்ணா."

"பின்ன எப்படி?"

சூர்யகலா கையிலிருந்த தெளிப்பானின் மூக்கைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். அதிலிருந்து பழுப்பாகச் சேறுபோல் ஏதோ வழிந்தது. கந்தசாமி அதை விரலில் தொட்டுப் பார்த்தார். கோபத்திலும் தொழில் புத்தி விடவில்லை; கறுப்புச் சாயத்துக்கு அவரே போடும் இரும்பு உப்பு அது.

"அன்னபேதியா?"

"ஆமாண்ணா. தோட்டக்கலை ஆபீஸ்ல தென்னரசுன்னு ஒரு சார், போன மாசம் வந்து பாத்தாரு. நான் யூரியா போட்டு வச்சிருந்தேன். அதுக்கே திட்டினாரு. அடி இலை மஞ்சளானா தழைச்சத்து கொறைவு, குருத்து மஞ்சளானா இரும்புச் சத்து கொறைவு, இதுகூடவா பாக்க மாட்டன்னாரு. இத தண்ணில கரைச்சு இலை மேல அடிக்கச் சொன்னாரு. இன்னும் ஏதோ சேக்கணும்னாரு, பதட்டத்துல காதுல ஏறல. நேத்து அடிச்சா துருவா அடைச்சிகிச்சு."

"மண்ணுல இரும்பே இல்லியாமா?"

"இருக்குதாம். வேருக்கு ஏறலியாம். மண்ண எடுத்துகினு போயி சோதிச்சுட்டு, காரம் ஏறிப் போச்சுன்னாரு."

காரம் என்ற சொல் கந்தசாமியை நிறுத்தியது. மற்றவர்களுக்கு எப்படியோ, அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் புளிப்பு இருக்க வேண்டும். சோடா போட்டு வேகவைத்த நூலைச் சரியாக அலசாமல் இறக்கிவிட்டால், எவ்வளவு சாயம் கொட்டினாலும் அது தண்ணீரிலேயே நிற்கும்; நூல் வெளிறியே கிடக்கும். அவர் பட்டறையில் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. சாம்பல் கரைத்த தண்ணீர் சோடாவுக்குச் சொந்த அண்ணன் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே ஒரு வருடத்துக்கு மேலாக, வாரம் இரண்டு மூட்டை.

அவர் மூட்டைகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இது என் சாம்பல் பண்ண வேல."

"கொஞ்சமா போட்டா நல்லதுதான்னாருண்ணா. நான்தான் வந்ததெல்லாம் கொட்டிகினு இருந்தேன்."

"ஒரு மாசமா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எப்படிணா சொல்றது? அண்ணிக்கு நான் குடுத்தது ரெண்டு இலை. அத மனசுல வச்சிகினு நீங்க வாரந் தவறாம அனுப்பறீங்க. வேணான்னா உங்க மூஞ்சி வாடிப் போயிடாதா? தென்னந்தோப்புக்காரரு எடுத்துக்கறேன்னாரு. அவரு வர்ற வரைக்கும் உங்க கண்ணுல படாம மூடி வச்சேன்."

தன் பயிர் வெளுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் முகம் வாடக் கூடாது என்று பார்த்திருக்கிறாள். கந்தசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்கு ரத்தம் குடுத்தவ நீ. உன் கீரைக்கு நான் சோகைய குடுத்துட்டேனே."

"சும்மா இருங்கண்ணா. யூரியா வித்த கடைக்காரன்கூட இவ்ளோ வருத்தப்படல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் எழுந்தார். "அந்த டேங்க கழுவு, ஜல்தி. வீட்ல எலுமிச்சம்பழம் கீதா?"

பழம் வந்தது. பத்து லிட்டர் தண்ணீரில் முதலில் நான்கு பழத்தைப் பிழிந்தார். பிறகுதான் ஐம்பது கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் பழுப்பாகவில்லை; லேசான பச்சையில் தெளிந்து நின்றது.

"உங்க கெணத்துத் தண்ணியே சப்பத் தண்ணி, அதுலயே காரம் கீது. புளிப்பு இல்லாம போட்டா துருவாத்தான் போவும். இந்த நெறம் நிக்கணும். பழுப்பு அடிச்சா யோசிக்காத, கீழ கொட்டிடு."

வெயில் தணிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இலை நனைய அடித்தார்கள். அவருடைய வேட்டியெல்லாம் துருப் புள்ளி. "அண்ணி என்னைத்தான் வையப் போறாங்க" என்றாள் சூர்யகலா.

ஆறாம் நாள் காலை அவள் போன் செய்தாள். "அண்ணா, குருத்து பச்ச ஆயிடுச்சு" என்று சொன்னாள். அடுத்த செவ்வாய் இன்னொரு முறை அடித்தாள். ஒரு வாரம் விட்டு அறுத்து, நன்றாக அலசிக் கட்டினாள். கொசப்பாளையத்துத் தெருக்களைத் தாண்டுவதற்குள் கூடை காலியாகிவிட்டது. ஜெகநாதன் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வந்தார். "வீட்ல கடைஞ்சாங்க. நல்லாத்தான் கீது. ஷெட்டு பேச்ச உட்டுட்டேன், நீ பாட்டுக்கு வெத போடு" என்றார்.

சூர்யகலா அன்று மாலையே பட்டறைக்கு வந்து கன்னியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள். "நாளைக்கு வெள்ளிக்கிழம. பாப்பாவ கூட்டிகினு படவேட்டுக்குப் போயி அம்மனுக்குப் பொங்க வச்சிட்டு வரேன் அண்ணி. அறுத்த மூணு பாத்தி சும்மா கீது. மேல் மண்ண சொரண்டி எடுத்துட்டு, மக்கின எருவு கலந்து உடச் சொன்னாரு அந்த சார். அத மெதுவாத்தான் செய்யணும், எங்க முடியுது."

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த கந்தசாமி காதில் வாங்காதவர்போல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஊரே கூழ் வார்ப்பதில் இருந்தது. அவர் திருநீறு பூசிக்கொண்டு, பட்டறையைத் திறக்காமல் வண்டியை எடுத்தார். ஆற்றங்கரை மாட்டுக்கொட்டகையில் மக்கிய எருவை மூட்டை கட்டி, ஆறு நடையில் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மண்வெட்டியால் மூன்று பாத்தியிலும் சாம்பல் படிந்த மேல் மண்ணைச் சுரண்டினார். சாய வாளி தூக்கிக் காய்த்த கைதான், ஆனாலும் மண்வெட்டிக்குப் புதுசு. மூன்றாவது பாத்தியில் உள்ளங்கையில் கொப்புளம் போட்டுவிட்டது. சுரண்டிய மண்ணை அள்ளித் தென்னந்தோப்பு ஓரம் கொட்டினார். எருவைப் பரப்பி, கொத்திக் கிளறி, கையாலேயே கட்டிகளை உடைத்துச் சமப்படுத்தினார். ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் வாய்க்குள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. கொடுத்தவளுக்குத் திருப்பிச் செய்ய உடம்பில் தெம்பு வைத்திருக்கிறாளே, அதற்காக.

வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை. மண்வெட்டியைக் கழுவி, எடுத்த இடத்திலேயே சாத்தினார். பிறகு ஒரு தென்னங்கீற்றை எடுத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே, ஈர மண்ணில் பதிந்திருந்த தன் காலடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினார். மூன்று பாத்தியும் விதைக்குத் தயாராகக் கிடந்தன. கீற்றை ஓரமாகப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார்.